குவார்ட்டர் தரும் தூக்கம்

கேள்வி: ஆந்திர எல்லையில், எளாவூர் செக்போஸ்ட் பக்கம் கஞ்சா பிடிக்கிற பிரிவில் தலைமைக் காவலர் நான். வயது 36. கண்ணை மூடினால் பஸ் டிக்கிதான் தெரிகிறது. எத்தனை சோப்புப் போட்டாலும் கையில் அந்த வாசனை. நான் பிடித்த பழைய கேஸ் ஒன்று விடுதலையாகி, எனக்கு மெமோ வந்தது. இரண்டு மாதமாக எதிலும் மனசு ஒட்டவில்லை. தினம் ஒரு குவார்ட்டர் போட்டால்தான் தூக்கம். மகள் பக்கத்தில் வந்தாலே எரிச்சல். இது வேலை அலுப்பா, மனநோயா?
(பெயர் வேண்டாம், கும்மிடிப்பூண்டி)

பதில்: தம்பி, குவார்ட்டர் பற்றிய வரியை மட்டும் அடித்துவிட்டு மறுபடி எழுதியிருக்கிறீர்கள். போதையைப் பிடிக்கிறவருக்கு அதை எழுதக் கை கூசும்தான்.

மது கண்ணைச் சீக்கிரம் மூடவைக்கும். பாதித் தூக்கத்தில் எழுப்பியும் விட்டுவிடும். அடுத்த நாள் எரிச்சலில் அதற்கும் பங்குண்டு. ஆனால் ஒரேயடியாக நிறுத்தாதீர்கள், நடுக்கம், வியர்வை வரலாம். டாக்டரிடம் அளவை மறைக்காமல் சொல்லி, அவர் சொல்கிறபடி விடுங்கள்.

அந்த கேஸ். 20 கிலோவுக்கு மேல் கஞ்சா என்றால் குறைந்தது 10 ஆண்டு சிறை. தண்டனை அவ்வளவு பெரிது என்பதால்தான் கோர்ட் ஒவ்வொரு படியையும் உரசிப் பார்க்கிறது. பிடிபட்டவனின் உடம்பைச் சோதிக்குமுன், மாஜிஸ்திரேட் அல்லது கெஜட்டட் அதிகாரி முன்னால் சோதிக்கச் சொல்லும் உரிமை உண்டு என்று போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 50-வது பிரிவின்படி அவனிடம் சொன்னீர்களா, 48 மணி நேரத்தில் மேலதிகாரிக்கு அறிக்கை போனதா என்று கேட்கும். நடுராத்திரியில், டார்ச் வெளிச்சத்தில், பஸ்ஸில் இருப்பவர்கள் ‘லேட்டாகுது’ என்று கத்தும்போது எழுதிய காகிதம் அது. அதில் ஓட்டை இருந்தால் அடுத்த முறை அடைக்கலாம். நீங்களே ஓட்டை என்று ஆகிவிடாது.

சரி, கேள்விக்கு வருகிறேன். வெறும் அலுப்பு என்றால் நாலு நாள் லீவில் கொஞ்சமாவது இறங்கும். இரண்டு வாரத்துக்கு மேல் மனசு எதிலும் ஒட்டாமல், தூக்கமும் கெட்டிருந்தால் மனச்சோர்வு நோயா என்று டாக்டர் பார்த்தாக வேண்டும். உங்களுக்கு இரண்டு மாதம். இந்த வாரமே போங்கள். ‘கீழ்ப்பாக்கம் கேஸ்’ என்று ஸ்டேஷனில் கிண்டலடிப்பார்களே என்று பயமா? திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே காட்டலாம். சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்க 2017 மனநலச் சட்டம் உங்களுக்கு உரிமை தருகிறது.

இன்னொன்றைக் கேட்டே ஆக வேண்டும். செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா? தோன்றினால் துப்பாக்கி கையில் இருக்கிற டூட்டி வேண்டாம். வீட்டில் சொல்லுங்கள், அரசின் மனநல உதவி எண் 14416-ஐக் கூப்பிடுங்கள். எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசில்லை.

அப்புறம், மகளிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்: ‘அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, உன்மேல் கோபமில்லை.’