மின்ஸ்க் வழியாகப் போலந்து வேலைக்குப் போகலாமா?

கேள்வி: என் மகனுக்குப் போலந்தில், லுப்லின் பக்கம் குடோன் வேலை இருப்பதாக ஏஜென்ட் சொல்கிறார். போலந்து உக்ரைனுக்கு ஆயுதம் கொடுக்கிறது, பக்கத்து நாடான பெலாரஸ் ரஷ்யாவோடு நிற்கிறது என்கிறார்கள். சண்டை அங்கேயும் வந்துவிடுமா? பெலாரஸ் தலைநகர் மின்ஸ்க் வழியாகப் போனால் செலவு குறைவாம். அனுப்பலாமா? – ஒரு தாய், கொழிஞ்சாம்பாறை

பதில்: காகிதம் சரியாக இருந்தால் போலந்துக்கு அனுப்பலாம், அம்மா. ஆனால் மின்ஸ்க் வழியாக வேண்டவே வேண்டாம்.

ஆயுதம் கொடுத்ததாலேயே ஒரு நாடு போரில் இறங்கியதாக ஆகிவிடாது. போலந்து டாங்கிகளும் மிக்-29 விமானங்களும் கொடுத்தது. தன் படையை அனுப்பவில்லை. பெலாரஸ் 2022 பிப்ரவரியில் தன் மண்ணையே ரஷ்யப் படைக்குத் திறந்துவிட்டது. அடுத்த நாட்டைத் தாக்க மண்ணைக் கொடுப்பதும் ஆக்கிரமிப்புதான் என்று ஐ.நா. பொதுச்சபை 1974-லேயே வரையறுத்திருக்கிறது.

அதற்காகப் போலந்தில் ஒன்றுமே நடக்காது என்றும் சொல்ல மாட்டேன். 2022 நவம்பரில் எல்லையோரக் கிராமம் ஒன்றில் ஏவுகணை விழுந்து இரண்டு பேர் இறந்தார்கள். 2025 செப்டம்பரில் ஏறத்தாழ 20 ரஷ்ய ட்ரோன்கள் உள்ளே வந்தன. உடனே போலந்து நேட்டோ ராணுவக் கூட்டணி ஒப்பந்தத்தின் 4-வது பிரிவின்படி கூட்டாளிகளைக் கலந்து பேசக் கூப்பிட்டது. ஒருவரைத் தாக்கினால் எல்லோரையும் தாக்கியதாகும் என்கிற 5-வது பிரிவு வேறு. அது இதுவரை ஒரே ஒருமுறை, 2001-ல் அமெரிக்கா தாக்கப்பட்டபோதுதான் கையில் எடுக்கப்பட்டது. அந்தப் பிரிவு இருப்பதால்தான் ரஷ்யாவும் போலந்து மீது நேரடிப் போருக்குப் போகத் தயங்குகிறது என்பது என் கணிப்பு.

எனக்குப் பயம் உங்கள் ஏஜென்ட் சொல்லும் வழியைப் பற்றித்தான். 2021-லிருந்து பெலாரஸ் வெளிநாட்டு ஆட்களைப் போலந்து எல்லைக்குத் தள்ளிவிடுகிறது என்று இரு நாட்டுக்கும் தகராறு. போலந்து 2022-ல் 186 கிலோமீட்டருக்கு இரும்பு வேலி போட்டது. 2025 செப்டம்பரில் ரஷ்யாவும் பெலாரஸும் சேர்ந்து போர்ப்பயிற்சி நடத்தியபோது போலந்து தன் பெலாரஸ் எல்லையையே இரண்டு வாரம் போல மூடிவிட்டது. அந்த நேரம் பார்த்து உங்கள் பையன் மின்ஸ்கில் இறங்கியிருந்தால்?

இதைவிட மோசமானதும் நடந்திருக்கிறது. ரஷ்யாவைச் சுற்றிப் பார்க்கப் போன பஞ்சாப், ஹரியானா இளைஞர்கள் சிலரை ஒரு ஏஜென்ட் விசா இல்லாமல் பெலாரஸுக்குக் கூட்டிப்போனார். பிடிபட்டவர்கள் கடைசியில் ரஷ்யப் படையில் போய்ச் சேர்ந்ததை 2024-ல் அவர்களே வீடியோவில் சொன்னார்கள். நம் கேரளத்துப் பையன்களும் இந்தப் படையில் மாட்டியிருக்கிறார்கள். திருச்சூர்க்காரர் ஒருவர் அங்கே இறந்தது 2025 ஜனவரியில் தெரியவந்தது.

ஆகவே ஏஜென்டிடம் மூன்று காகிதம் கேளுங்கள். வெளிநாட்டு வேலைக்கான இந்திய அரசின் இமைக்ரேட் இணையதளத்தில் இருக்கும் அவருடைய பதிவு எண், முதலாளியின் பெயர் போட்ட போலந்து வேலை அனுமதி, சம்பளம் எழுதிய ஒப்பந்தம். பதிவு எண்ணை நீங்களே அந்தத் தளத்தில் போட்டுப் பாருங்கள். சந்தேகமிருந்தால் வெளிநாடுவாழ் கேரளத்தவருக்கான கேரள அரசின் நோர்க்கா அலுவலகத்தில் கேட்கலாம். நீண்ட காலம் தங்குவதற்கான போலந்தின் 'டி' வகை விசா ஊரிலேயே பாஸ்போர்ட்டில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். "அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்" என்றால் அதோடு பேச்சை நிறுத்திவிடுங்கள். ரஷ்ய மொழியில் எழுதிய எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடக் கூடாது என்று பையனிடம் சொல்லி வையுங்கள். கொச்சியிலிருந்து வளைகுடா வழியாகப் போலந்துத் தலைநகர் வார்சாவுக்கே டிக்கெட் எடுக்கலாம். சில ஆயிரம் கூடினாலும் பரவாயில்லை, அம்மா.