வாசகர் கேள்வி பதில்: பாலைவன டாங்கிப் போரில் படைகள் அணிவகுத்த விதம்

இரண்டாம் உலகப் போரில் லிபியா, எகிப்துப் பாலைவனங்களில் ஆங்கிலேயரும், ரோமெல் என்ற ஜெர்மன் தளபதியின் கீழ் ஜெர்மானியரும் இத்தாலியரும் மோதிய வட ஆப்பிரிக்கப் போரைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான குறிப்பைப் படித்துவிட்டுக் கொங்கு மாவட்டங்களின் வாசகர்கள் பலர் எழுதியிருந்தனர். அவற்றில் படை அமைப்பைப் பற்றிய கேள்விகளுக்கு இங்கே விடை தருகிறோம்.

கேள்வி: 1942 மே மாதம் லிபியாவின் கசாலாவில் ஆங்கிலேயரிடம் ஏறத்தாழ 850 டாங்கிகளும், ரோமெலிடம் இத்தாலியருடையவற்றையும் சேர்த்து ஏறத்தாழ 560 டாங்கிகளும் இருந்தன என்று எழுதியிருந்தீர்கள். அப்படியிருந்தும் ஆங்கிலேயர் தோற்றது எப்படி? இரு தரப்பும் தங்கள் படைகளை எவ்வாறு பிரித்து நிறுத்தியிருந்தன?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், கோபிசெட்டிபாளையம்

பதில்: டாங்கி தனித்து நின்று வெல்லும் ஆயுதம் அன்று. அதன் அருகில் பீரங்கியும் காலாட்படையும் இருந்தனவா, அவை அனைத்தும் ஒரே தளபதியின் ஆணைக்குக் கட்டுப்பட்டனவா என்பவையே கசாலாவின் முடிவைத் தீர்மானித்தன என்று உறுதியாகக் கருதுகிறேன்.

ரோமெலின் படையில் முதுகெலும்பாக இருந்தவை 15-ஆவது, 21-ஆவது பன்சர் (டாங்கி) டிவிஷன்கள். டிவிஷன் என்பது பல ரெஜிமென்ட்களோ பிரிகேடுகளோ சேர்ந்த பெரிய படைப்பிரிவு. இரண்டு பட்டாலியன்கள் கொண்ட ஒரு டாங்கி ரெஜிமென்ட், லாரிகளில் செல்லும் ஒரு காலாட்படை ரெஜிமென்ட், ஒரு பீரங்கி ரெஜிமென்ட், இவற்றுடன் டாங்கி எதிர்ப்பு, வேவு, பொறியாளர் பட்டாலியன்கள் என்று ஒவ்வொரு டிவிஷனும் தனக்கு வேண்டிய எல்லாவற்றையும் தன்னுள்ளேயே வைத்திருந்தது. தேவை எழும்போது இவற்றிலிருந்து சிலவற்றைப் பிரித்தெடுத்து, ஓர் அதிகாரியின் கீழ் ஒரு போர்க்குழுவாக்கி, சில மணி நேரத்தில் வேறு திசைக்கு அனுப்பிவிட முடிந்தது. இவற்றுடன் 90-ஆவது இலகு டிவிஷனும், இத்தாலியரின் ஆரியேத்தே கவச டிவிஷனும், திரியெஸ்தே மோட்டார் டிவிஷனும் சேர்ந்து சென்றன. போர்க்களத்தில் ஜெர்மானியர் விரும்பிச் செய்த வேலை ஒன்று உண்டு. அவர்களுடைய டாங்கிகள் பின்வாங்குவதைப் போல் நகரும். துரத்தி வரும் ஆங்கிலேய டாங்கிகள், மணலில் தாழ்வாக மறைத்து வைக்கப்பட்ட 50 மில்லிமீட்டர் பீரங்கிகளின் முன்னும், விமானங்களைச் சுடுவதற்காக உருவாக்கப்பட்டு டாங்கிகளை நெடுந்தொலைவிலேயே துளைக்க வல்லதாகிவிட்ட 88 மில்லிமீட்டர் பீரங்கிகளின் முன்னும் வந்து சிக்கும்.

ஆங்கிலேயரின் 8-ஆவது ராணுவம் வேறு விதமாக நின்றது. கடற்கரையில் கசாலாவிலிருந்து தெற்கே பீர் ஹக்கீம் வரை கண்ணிவெடி வயல்களைப் பரப்பி, அவற்றின் இடையிடையே ‘பெட்டி’ என்று அழைக்கப்பட்ட அரண்களை அமைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு காலாட்படை பிரிகேடை வைத்தனர். 1-ஆவது, 7-ஆவது கவச டிவிஷன்கள் இந்த வரிசைக்குப் பின்னால் சிதறி நின்றன. மெதுவாகச் செல்லும் மட்டில்டா, வேலன்டைன் டாங்கிகள் காலாட்படைக்கு உதவுவதற்கென்று வேறு பிரிகேடுகளில் ஒதுக்கப்பட்டிருந்தன. ஒரு பெட்டிக்கு ஆபத்து நேர்ந்தால் பக்கத்துப் பெட்டி உதவ முடியாதவாறு இடைவெளி பெரிதாக இருந்தது.

மே 26 இரவில் ஏறத்தாழ 10,000 வண்டிகளுடன் ரோமெல் தெற்கே சுற்றிவந்தபோது இந்த அமைப்பின் பலவீனம் அடுத்த நாளே தெரிந்துவிட்டது. ஆங்கிலேயக் கவச பிரிகேடுகள் ஒன்றன்பின் ஒன்றாகவே போருக்கு வந்தன. 7-ஆவது கவச டிவிஷனின் தலைமையகமே எதிரியின் கையில் சிக்கியது. ஜூன் 1-ஆம் தேதி 150-ஆவது பிரிகேடின் பெட்டி, உதவி வந்து சேராத நிலையில் வீழ்ந்தது. ஜூன் 5-ஆம் தேதி நடத்திய எதிர்த்தாக்குதலில் பொறுப்பு இரண்டு டிவிஷன் தளபதிகளிடையே பிரிக்கப்பட்டிருந்ததால், முன்சென்ற இந்திய காலாட்படையும் அதைக் காக்க வேண்டிய டாங்கிகளும் தனித்தனியே அடிபட்டன. அந்த வீரர்களின் இழப்பு தவிர்த்திருக்கக்கூடியது என்பதாலேயே இந்தப் பகுதியைப் படிக்கும்போது மனம் வலிக்கிறது.

ஆயுதத்திலும் ஒரு குறை இருந்தது. பெரும்பாலான ஆங்கிலேய டாங்கிகளில் இருந்த 2 பவுண்டர் (ஏறத்தாழ இரண்டு பவுண்டு எடையுள்ள குண்டைச் சுடும்) பீரங்கிக்கு வெடித்துச் சிதறும் குண்டு வழங்கப்படவில்லை. ஆகவே தொலைவில் மறைந்திருந்த பீரங்கிக்காரர்களை அவற்றால் ஒன்றும் செய்ய இயலவில்லை. 75 மில்லிமீட்டர் பீரங்கியுடன் அமெரிக்காவிலிருந்து வந்த கிரான்ட் டாங்கி இக்குறையை ஓரளவே தீர்த்தது. ஆங்கிலேயர் வசமிருந்த டோப்ருக் துறைமுகம் ஜூன் 21-ஆம் தேதி வீழ்ந்தது.

கேள்வி: ஒரு ரெஜிமென்டில் எத்தனை டாங்கிகள் இருக்கும்?
— கல்லூரி மாணவி, திருப்பூர்

பதில்: அன்றைய ஆங்கிலேய முறையில் மூன்று நான்கு டாங்கிகள் சேர்ந்தது ஒரு ட்ரூப், சில ட்ரூப்கள் சேர்ந்தது ஸ்குவாட்ரன், மூன்று ஸ்குவாட்ரன்களும் தலைமையகமும் சேர்ந்தது ரெஜிமென்ட். முழு பலத்தில் ஒரு ரெஜிமென்டில் 50 டாங்கிகள் வரையிலும், மூன்று ரெஜிமென்ட்கள் கொண்ட கவச பிரிகேடில் 150 வரையிலும் இருக்கும். இந்தியக் கவசப் படையில் இன்றும் இதே பெயர்கள் வழங்குகின்றன; எண்ணிக்கை மட்டும் மாறியிருக்கிறது.

கேள்வி: இத்தனை வண்டிகளுக்கும் டீசல், பெட்ரோல், தண்ணீர் எப்படிப் போய்ச் சேர்ந்தன? பழுதான டாங்கிகளை என்ன செய்தார்கள்?
— லாரி உரிமையாளர், சங்ககிரி

பதில்: தொழில் அறிந்தவரின் கேள்வி இது. போர் வரலாற்று நூல்கள் பலவும் இதற்குத் தரும் இடம் போதாது என்பது என் எண்ணம்.

அந்தக் காலத்து டாங்கிகளில் பெரும்பாலானவை பெட்ரோலில் ஓடின. கசாலா வெற்றிக்குப் பின் எகிப்தின் எல் அலமைனுக்கு வந்து நின்ற ரோமெலுக்குப் பெங்காசி துறைமுகமே ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் பின்னால் இருந்தது. டிரிப்போலி துறைமுகம் அதைப் போல் இரு மடங்கு தொலைவு. பெட்ரோல் ஏற்றிவரும் லாரி, போகவர எரிக்கும் பெட்ரோலும் அதே கையிருப்பிலிருந்துதான் கழிய வேண்டும். ஒரு படை எவ்வளவு வேகமாக முன்னேறுகிறதோ அவ்வளவு விரைவில் அது வறண்டுபோகும் என்பதே இதன் விளைவு. மத்தியதரைக் கடலில் சரக்குக் கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டது இந்த நெருக்கடியை மேலும் இறுக்கியது.

ஜெர்மானியரின் 20 லிட்டர் இரும்புக் கேன் வலுவானது. ஆங்கிலேயர் தொடக்கத்தில் பயன்படுத்திய மெல்லிய தகர டின்கள் லாரியின் குலுக்கலில் பிளந்து ஒழுகி, ஏற்றிய பெட்ரோலில் கணிசமான பங்கை மணலுக்குக் கொடுத்தன. அதனால் எதிரியின் கேன்கள் கிடைத்தபோது ஆங்கிலேயர் அவற்றை விரும்பி எடுத்துக்கொண்டனர். பின்னர் அதே வடிவத்தில் தாங்களும் செய்தனர்.

பழுதான டாங்கியைப் பொறுத்தவரை, போர் முடியும் மாலையில் களம் யார் கையில் இருக்கிறதோ அவருக்கே அது சொந்தம். ஜெர்மானியரின் மீட்பு வண்டிகளும் நடமாடும் பணிமனைகளும் டாங்கிகளுக்கு நெருக்கமாகப் பின்தொடர்ந்ததால், காலையில் அடிபட்ட டாங்கிகளில் பல சில நாட்களில் மீண்டும் களத்துக்கு வந்தன. கசாலாவில் களத்தை விட்டு விலகிய ஆங்கிலேயர், எளிதில் சரிசெய்யக்கூடிய டாங்கிகளையும் விட்டுச்செல்ல நேர்ந்தது.

கேள்வி: கசாலாவில் தோற்ற அதே ராணுவம் ஐந்து மாதங்களில் எல் அலமைனில் வென்றது எப்படி?
— தென்னை விவசாயி, பொள்ளாச்சி

பதில்: முதற்காரணம் நில அமைப்பு. ஒரு புறம் ஆனைமலையும் மறுபுறம் நீலகிரியும் நிற்க, நடுவே பாலக்காட்டுக் கணவாய் மட்டும் வழிவிடுவது உங்கள் ஊருக்குப் பழக்கமான காட்சி. அதைப் போலவே எல் அலமைனில் வடக்கே கடலும் தெற்கே வண்டிகள் இறங்க முடியாத கத்தாரா பள்ளமும் நிற்க, இடையே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் மட்டுமே திறந்திருந்தது. பக்கவாட்டில் சுற்றிவர வழியில்லாததால் ரோமெலின் தனித்திறமைக்கு அங்கே வேலையில்லாமல் போயிற்று.

இரண்டாவது காரணம், 8-ஆவது ராணுவத்தின் புதிய தளபதி மான்ட்கோமரி படைகளை அடுக்கிய முறை. வடக்கில் 30-ஆவது கோரில் (கோர் என்பது பல டிவிஷன்கள் சேர்ந்த படை) ஆஸ்திரேலிய, ஸ்காட்லாந்து, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்க, இந்திய டிவிஷன்களை வரிசையாக நிறுத்தி, கண்ணிவெடி வயலில் காலாட்படையும் பொறியாளர்களும் முதலில் வழி திறக்க வேண்டும், 10-ஆவது கோரின் கவச டிவிஷன்கள் அதன் வழியே பின்னர் வர வேண்டும் என்று திட்டமிட்டார். தெற்கில் 13-ஆவது கோர் எதிரியின் கவனத்தை ஈர்த்து, அவனுடைய டாங்கிகளை அங்கேயே கட்டிவைக்க வேண்டியிருந்தது. 1942 அக்டோபர் 23 இரவு ஏறத்தாழ 900 பீரங்கிகள் ஒரே வேளையில் முழங்கின. ஆங்கிலேயரிடம் 1,000-க்கும் மேற்பட்ட டாங்கிகள் இருந்தன. அவற்றில் 250-க்கும் மேற்பட்டவை புதிய ஷெர்மன்கள். எதிர்த்தரப்பில் இத்தாலியருடையவற்றைச் சேர்த்து ஏறத்தாழ 500.

ஜெர்மானியரும் முன்யோசனையுடனேயே நின்றனர். ஏறத்தாழ 5,00,000 கண்ணிவெடிகளுக்குப் பின்னால் இத்தாலிய பட்டாலியன்களையும் ஜெர்மன் பட்டாலியன்களையும் மாற்றி மாற்றி வைத்தனர். ஆனால் பெட்ரோல் பற்றாக்குறையால், ஒரே இடத்தில் திரட்டி வைத்துத் தேவையான பக்கம் விரட்ட வேண்டிய டாங்கிகளை அவர்கள் பிரிக்க வேண்டியதாயிற்று: 15-ஆவது பன்சரும் இத்தாலியரின் லித்தோரியோ கவச டிவிஷனும் வடக்கில், 21-ஆவது பன்சரும் ஆரியேத்தேயும் தெற்கில். கசாலாவில் ஆங்கிலேயர் செய்த பிழையை இங்கே ரோமெலின் படை வேறு வழியின்றிச் செய்தது. நவம்பர் 4-ஆம் தேதி அது பின்வாங்கத் தொடங்கியது.

கேள்வி: நம் பக்கத்துப் படைவீரர்கள் அந்தப் பாலைவனத்தில் இருந்தார்களா?
— முன்னாள் ராணுவத்தினர், தாராபுரம்

பதில்: இருந்தார்கள். 4-ஆவது இந்திய டிவிஷனின் பொறியாளர் பிரிவுகளில் 12-ஆவது ஃபீல்டு கம்பெனி மதராஸ் சாப்பர்களுடையது. தமிழர்கள் பெருமளவில் சேர்ந்த படை அது. டாங்கிக்கு முன்னால் இரவில் குனிந்து சென்று கண்ணிவெடிகளைத் தேடி எடுத்து, பாதையின் இரு ஓரங்களிலும் நாடாவும் விளக்கும் வைப்பது பாலைவனப் போரில் சாப்பர்களின் வேலை. டாங்கிப் போரைப் பற்றிப் பேசுகையில் இவர்களுடைய பெயர் முதலில் வர வேண்டும் என்பேன். கசாலாவில் பீர் ஹக்கீமுக்குத் தென்கிழக்கே, டாங்கி ஒன்றுகூட இல்லாமல் நின்ற 3-ஆவது இந்திய மோட்டார் பிரிகேடும், ஆரியேத்தேயின் பல டாங்கிகளை அழித்த பிறகே சிதறியது.

கேள்வி: 1971 இந்தியா–பாகிஸ்தான் போரின்போது ராஜஸ்தானின் லோங்கேவாலாவில் நடந்ததும் இப்படிப்பட்ட போர்தானா?
— வங்கி ஊழியர், ஈரோடு

பதில்: அங்கே மோதிய படைகள் சமமானவை அல்ல. டிசம்பர் 4 இரவு, பாகிஸ்தானின் டாங்கிகளும் காலாட்படையும் தார்ப் பாலைவனத்தைக் கடந்து வந்தபோது, எதிரே மேஜர் குல்தீப் சிங் சாந்த்புரியின் தலைமையில் பஞ்சாப் ரெஜிமென்டின் 23-ஆவது பட்டாலியனைச் சேர்ந்த, ஏறத்தாழ 120 பேர் கொண்ட ஒரு கம்பெனி மட்டுமே இருந்தது. அவர்களிடம் டாங்கி இல்லை. ஜீப்பில் பொருத்திய 106 மில்லிமீட்டர் பீரங்கி இருந்தது. தாக்க வந்தவர்களுக்குத் தங்கள் விமானப்படையின் துணை கிடைக்கவில்லை. பல வண்டிகள் இளகிய மணலில் புதைந்தன. இரவில் தாக்கும் வசதியற்ற இந்திய ஹன்டர் விமானங்கள், பொழுது விடிந்ததும் ஜெய்சல்மேரிலிருந்து வந்து, ஒளிய இடமில்லாமல் நின்ற அந்த டாங்கிகளை ஒவ்வொன்றாக அழித்தன.