மன்றோ கோட்பாடு 1904-இல் தலைகீழானது எப்படி?

வணக்கம். ஐரோப்பியரை அமெரிக்கக் கண்டங்களிலிருந்து விலக்கி வைக்க அமெரிக்க அதிபர் ஜேம்ஸ் மன்றோ 1823-இல் அறிவித்த மன்றோ கோட்பாட்டைக் காட்டியே, கரீபிய நாடான டொமினிக்கன் குடியரசின் சுங்க வருவாயை அமெரிக்கா எவ்வாறு கையில் எடுத்தது என்று தேர்வுக் கட்டுரைக்காகக் கேட்டிருந்தீர்கள்.

அறிவிப்பு வெளியான காலத்தில் அதை நிறைவேற்றும் கடற்படை அமெரிக்காவிடம் இல்லை. தென் அமெரிக்க வணிகத்தில் அக்கறை கொண்டிருந்த பிரிட்டனின் கப்பல்களே அதற்கு உண்மையான காவலாக இருந்தன. (கூட்டாக அறிவிக்கலாம் என்ற பிரிட்டனின் யோசனையை ஏற்க வேண்டாம் என வாதிட்டவர் வெளியுறவுச் செயலர் ஜான் குவின்சி ஆடம்ஸ் என்பது சுவையான முரண்.) ஆகவே அது தொடக்கத்தில் தற்காப்பு அறிக்கை மட்டுமே.

1898-இல் ஸ்பெயினுடன் நடந்த போருக்குப் பின் நிலைமை மாறியது. போர்ட்டோ ரிக்கோ, குவாம், பிலிப்பைன்ஸ் ஆகியவை கைக்கு வந்தன. கியூபாவில் தலையிடும் உரிமையை 1901-இன் பிளாட் திருத்தம் என்ற அமெரிக்கச் சட்டம் அளித்தது. 1902-இல் கடன் பாக்கிக்காக பிரிட்டன், ஜெர்மனி, இத்தாலி ஆகியவை வெனிசுவேலாவின் துறைமுகங்களை முற்றுகையிட்டதும், அதே சாக்கு மீண்டும் எழக்கூடாது என்று எண்ணிய அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட், ஒழுங்கீனம் நிலவும் அண்டை நாடுகளில் அமெரிக்காவே காவல் பணி செய்யும் என 1904 டிசம்பரில் அறிவித்தார். அதன்படி 1905-இல், கடனில் சிக்கியிருந்த டொமினிக்கன் குடியரசின் சுங்க வசூல் அமெரிக்கக் கண்காணிப்பில் வந்தது. 45 விழுக்காடு அந்நாட்டு அரசுக்கும், மீதி கடன் கொடுத்தவர்களுக்கும் ஒதுக்கப்பட்டது. இதற்கு அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டின் ஒப்புதல் 1907-இல்தான் கிடைத்தது.

உங்கள் கட்டுரையில் 1823-இலிருந்து 1904-க்கு நேராகத் தாவாமல், 1898-க்கே அதிக இடம் கொடுங்கள்.