கோபம் இறங்கும் இடம்

வணக்கம் ஐயா,

உங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிப்பவன் நான். மென்பொருள் நிறுவனம் ஒன்றில் குழுத் தலைவராக இருக்கிறேன். வேலையில் கெட்டிக்காரன் என்று பெயர் உண்டு. ஆனால் இந்த ஆண்டு மதிப்பீட்டில் ‘உணர்வு நுண்ணறிவு குறைவு’, அதாவது தன் உணர்ச்சியையும் அடுத்தவர் உணர்ச்சியையும் புரிந்து கையாளத் தெரியவில்லை என்று எழுதிவிட்டார்கள். போன மாதம் ஒரு கூட்டத்தில் என் குழுவில் இருக்கும் பெண் செய்த தவறை எல்லோர் முன்னிலையிலும் கொஞ்சம் கடுமையாகச் சுட்டிக்காட்டினேன். அவர் அழுதுவிட்டார். அதுதான் காரணமாக இருக்க வேண்டும். எனக்கு இயல்பிலேயே முன்கோபம் அதிகம், அப்பாவுக்கும் அப்படித்தான். சட்டென்று வந்துவிடும், என்னால் அடக்க முடியாது. மதிப்பீடு வந்ததிலிருந்து தூக்கமே இல்லை. உணர்வு நுண்ணறிவு பிறவியில் வருவதா, வளர்த்துக்கொள்ளக்கூடியதா? வெற்றியில் 80 சதவீதம் அதுதான் என்கிறார்களே, உண்மையா? நல்ல பயிற்சி வகுப்பு ஏதாவது சொல்ல முடியுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

கொஞ்ச காலமாகவே கோபத்தைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுவோம். 80 சதவீதக் கதையை விட்டுவிடுங்கள். உணர்வு நுண்ணறிவு என்ற சொல்லை அலுவலகங்களுக்குள் கொண்டுவந்தது 1995இல் டேனியல் கோல்மன் எழுதிய புத்தகம். வாழ்க்கையில் ஒருவர் அடையும் இடத்துக்கு ஐக்யூவின், அதாவது அறிவுத்திறன் அளவின் பங்கு அதிகம் போனால் 20 சதவீதம் என்றார் அவர். மீதியில் பிறந்த குடும்பமும் அதிர்ஷ்டமும்கூட அடக்கம். அந்த மீதி முழுவதையும் உணர்வு நுண்ணறிவின் கணக்கில் எழுதிக்கொண்டது பின்னால் வந்தவர்கள். பயிற்சி வகுப்பு பற்றிச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. போக வேண்டும் என்றால் போங்கள்.

‘என்னால் அடக்க முடியாது’ என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் நான் நின்றுவிட்டேன்.

உங்கள் மேலாளர் தவறே செய்ததில்லையா? அவரிடம் எத்தனை முறை குரலை உயர்த்தியிருக்கிறீர்கள்? முதலில் ஒப்புக்கொண்டதையெல்லாம் கடைசி நேரத்தில் மாற்றச் சொல்லும் வாடிக்கையாளரிடம்? அப்போதும் கோபம் வந்திருக்கும். ‘பார்த்துச் செய்துவிடுகிறோம்’ என்று சிரித்த முகத்தோடு சொல்லியிருப்பீர்கள். அடக்கத் தெரியாதவர் செய்கிற காரியமா அது? உங்களுக்கு நன்றாகவே அடக்க வருகிறது, எஸ். யாரிடம் அடக்கத் தேவையில்லை என்பதும் தெரிந்திருக்கிறது.

‘செல்லிடத்துக் காப்பான் சினங்காப்பான் அல்லிடத்துக் காக்கின்என் காவாக்கால் என்.’ பள்ளியில் படித்திருப்பீர்கள். கோபம் செல்லுபடியாகும் இடத்தில் அதைக் காப்பவனே சினத்தைக் காப்பவன். செல்லுபடியாகாத இடத்தில் காத்தால் என்ன, காக்காவிட்டால் என்ன. பணிவு, பொறுமை, நிதானம் என்று நாம் பெருமைப்பட்டுக்கொள்கிற எத்தனையோ விஷயங்களை இந்தக் குறள் ஒரே வரியில் தள்ளுபடி செய்துவிடுகிறது. மேலே இருப்பவரிடம் காட்டும் பொறுமையை வள்ளுவர் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை.

நான் முதன்முதலில் வேலை பார்த்த அலுவலகத்தில் ஓர் அதிகாரி இருந்தார். ‘மனுஷனுக்குக் கோபம் வந்தால் கண்ணு தெரியாது’ என்று எல்லோரும் சொல்வார்கள். அவரும் அதை நம்பினார். ஒரு நாள் ஓர் எழுத்தரை நிற்க வைத்துத் திட்டிக்கொண்டிருந்தார். கோப்பு மேஜையில் கிடக்கிறது, ஒவ்வொரு சொல்லுக்கும் அதன்மேல் விரலால் குத்துகிறார். கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது. ‘உனக்கெல்லாம் யார்யா…’ என்று தொடங்கும்போது தொலைபேசி அடித்தது. தலைமை அலுவலகம். ‘சொல்லுங்க சார், நல்லா இருக்கேன் சார்’ என்றார். அப்படியொரு குழைவு. எதிர்முனையில் சொன்ன ஏதோ ஒன்றுக்குச் சிரிக்கக்கூடச் செய்தார். எழுத்தர் அப்படியே நின்றுகொண்டிருந்தார். ரிசீவரை வைத்தார். விரல் மறுபடி கோப்புக்கு வந்தது. ‘…வேலை கொடுத்தது?’ விட்ட வாக்கியத்தை விட்ட இடத்திலிருந்தே எடுத்து முடித்தார்.

பக்கத்து மேஜையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டென்று வருவது, கண் தெரியாமல் வருவது என்று யார் சொன்னாலும் எனக்கு அந்த முடிக்கப்பட்ட வாக்கியம்தான் நினைவுக்கு வருகிறது.

அதே அலுவலகத்தில் கணக்குப் பிரிவுக்குத் தலைமையாக ஓர் அம்மா இருந்தார். இனிமையாகப் பேசுபவர் என்று அவரைச் சொல்லவே முடியாது. ‘இது தப்பு, திருப்பிப் போடு’ என்பார், அவ்வளவுதான். ஆனால் கடைநிலை ஊழியரிடம் எந்தக் குரலோ அதே குரல்தான் அந்த அதிகாரியிடமும். ‘இது தப்பு சார், கையெழுத்துப் போட முடியாது.’ அந்த அம்மாவிடம் திட்டு வாங்கி யாரும் அழுது நான் பார்த்ததில்லை. அதனால்தான் சொல்கிறேன், மென்மையாகப் பேசக் கற்றுக்கொடுக்கும் வகுப்புகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. மென்மையான குரலில் ஒருவரை நொறுக்குபவர்களையும் பார்த்திருக்கிறேன்.

சரி, அடக்குவது என்றால் என்ன? விழுங்குவதைச் சொல்லவில்லை. முகத்தில் காட்டாமல் உணர்ச்சியை அமுக்குபவர்களுக்கு உள்ளே உடம்பு அமைதியாவதில்லை, படபடப்பு ஏறத்தான் செய்கிறது என்று ஜேம்ஸ் கிராஸ் என்ற உளவியலாளர் சோதனைகளில் காட்டியிருக்கிறார். நடந்ததை வேறு கோணத்தில் பார்க்கப் பழகியவர்களுக்கு அந்தத் தொல்லை குறைவு. மேலாளர் முன்னால் நீங்கள் விழுங்குவது அப்படியே உள்ளே தங்கி, அன்று மாலையே கீழே இருக்கிற யார் மேலாவது கொட்டுகிறது. அந்தக் கூட்டத்துக்கு முன்னால் மேலிடத்தில் உங்களுக்கு என்ன நடந்தது? யோசித்துப் பாருங்கள்.

1990இல் சலோவே, மேயர் என்ற இரண்டு உளவியலாளர்கள் உணர்வு நுண்ணறிவு என்ற கருத்தை ஆய்வுக் கட்டுரையாக எழுதினார்கள். பின்னால் அதை நான்கு திறன்களாக வகுத்தபோது உணர்ச்சியைக் கண்டுகொள்வதை முதலில் வைத்தார்கள், கையாள்வதைக் கடைசியில். நீங்கள் எடுத்த எடுப்பில் கடைசிக்கே போகப் பார்க்கிறீர்கள். உங்கள் கடிதத்தையே எடுத்துப் பாருங்கள். உங்கள் தூக்கம் இருக்கிறது, உங்கள் மதிப்பீடு இருக்கிறது, உங்கள் அப்பா இருக்கிறார். அந்தப் பெண்ணுக்கு ‘அவர் அழுதுவிட்டார்’ என்று இரண்டே சொல். என்ன தவறு செய்தார்? ஏன் நேர்ந்தது? மறுநாள் வேலைக்கு வந்தாரா? இப்போது கூட்டங்களில் வாய் திறக்கிறாரா? இவை உங்களுக்குத் தெரியுமா, அல்லது எனக்கு எழுத வேண்டிய விஷயமாகத் தோன்றவில்லையா? தூக்கம் போனதுகூட அவர் அழுத அன்று இல்லை, மதிப்பீடு வந்த பிறகுதான். கடுமையாகச் சொல்கிறேன் என்று தெரிகிறது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

அப்பாவைப் பற்றிய அந்த ஒரு வரி என்னைத் தொந்தரவு செய்தது. முன்கோபக்காரரின் பிள்ளை என்றால், வண்டி வந்து நிற்கும் சத்தத்திலேயே அன்றைய மாலை எப்படி இருக்கும் என்று கணித்திருப்பீர்கள். செருப்பைக் கழற்றும் விதம், சாவியை வைக்கும் விதம், அம்மா பேச்சை நிறுத்தும் இடம் எல்லாவற்றையும் படித்திருப்பீர்கள். தங்கை எதையோ கேட்க வாயெடுத்தபோது ‘இப்போ வேண்டாம்’ என்று கண்ணாலேயே சொல்லியிருப்பீர்கள். பத்து வயதுப் பையனுக்கு அதை எந்த வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள்? பிறவியில் வருவதா என்று கேட்டீர்களே, உங்களுக்கு அது இருந்தது. அடுத்தவர் முகத்தைப் படித்தால்தான் தப்பிக்க முடியும் என்ற நிலையில் இருப்பவர்கள் நன்றாகப் படிக்கிறார்கள். பதவி வந்ததும் அந்தத் தேவை போய்விடுகிறது. இப்போது மற்றவர்கள் உங்கள் முகத்தைப் படிக்கிறார்கள். நீங்கள் கூட்டத்துக்குள் நுழையும்போது மடிக்கணினியை எப்படி வைக்கிறீர்கள் என்று அந்தப் பெண் பார்த்துக்கொண்டிருப்பார். உங்கள் வீட்டில் நீங்கள் பார்த்ததைப் போலவே.

இதை எழுதும்போது எனக்கு உங்கள்மேல் கோபம் இல்லை. அந்தப் பையன்மேல் பிரியம்தான் வருகிறது. அவன் எங்கும் போய்விடவில்லை என்று நம்புகிறேன்.

அந்தப் பெண்ணிடம் பேசுங்கள். மின்னஞ்சல் வேண்டாம், மனிதவளத் துறையை நடுவில் வைத்தும் வேண்டாம். எல்லோர் முன்னிலையில் சொன்னதற்கு வருத்தத்தை எல்லோர் முன்னிலையிலேயே சொல்லுங்கள். அப்புறம் தனியாக, அந்த வேலையில் என்ன சிக்கல் இருந்தது என்று கேளுங்கள். அவர் பேசும்போது குறுக்கிட்டு உங்கள் நியாயத்தைச் சொல்ல ஆரம்பிக்காதீர்கள். உங்களுக்கு அது வரும், கடிதத்திலேயே தெரிகிறது. அவர் ஒன்றும் சொல்லாமல் ‘பரவாயில்லை சார்’ என்று முடித்துவிட்டால் அதை மன்னிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்களிடம் பேசப் பயம் என்று எடுத்துக்கொண்டு, அடுத்த கூட்டத்தில் அவர் ஏதாவது சொல்ல வரும்போது முழுதாகச் சொல்லி முடிக்க விடுங்கள்.