நிலவறையில் ஒரு கணக்கு – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க காங்கிரஸ் (நாடாளுமன்றம்) உறுப்பினர்களின் பங்கு வர்த்தகம் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். உறுப்பினர்களும் அரசு அதிகாரிகளும் பதவியால் அறியும் ரகசியத் தகவலை வைத்துப் பங்கு வர்த்தகம் செய்வதைத் தடுக்கவும், அவர்களின் சொத்துக் கணக்கை இணையத்தில் வெளியிடவும் 2012இல் வந்தது ஸ்டாக் சட்டம். அதிகாரிகளின் கணக்கை இணையத்தில் போடவேண்டாம் என்று 2013இல் அதைத் திருத்தியதை ‘வெட்கக்கேடு’ என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அது மிகையாகப் பட்டது. சுமார் 28,000 மூத்த அதிகாரிகளின் சொத்துக் கணக்கை இணையத்தில் யாரும் பார்க்கலாம் என்றால் அது அவர்களுக்கு ஆபத்தல்லவா? உறுப்பினர்களின் கணக்கு இன்றும் இணையத்தில் இருக்கத்தானே செய்கிறது? நான் நியூ ஜெர்சியில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறேன். என் சொந்தப் பணத்தில் பங்கு வாங்கவே வங்கியிடம் முன் அனுமதி வாங்கவேண்டும். அந்தத் தொல்லையை அனுபவிப்பவன் என்பதால் கேட்கிறேன்.

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் கேட்டதில் பாதி நியாயம். அதிகாரிகளின் அச்சம் பொய்யல்ல. அவர்கள் நீதிமன்றத்துக்கே போனார்கள். அரசு நிர்வாகத்தை ஆராயும் அமைப்பான தேசியப் பொது நிர்வாகக் கழகம் 2013 மார்ச்சில் கொடுத்த அறிக்கையும் அவர்கள் பக்கம்தான் பேசியது. வெளிநாட்டுத் தூதரகத்தில் இருக்கும் ஓர் அதிகாரியின் கடனையும் சேமிப்பையும் உலகமே பார்க்கவேண்டிய அவசியம் இல்லை. அந்தப் பகுதியை மட்டும் நீக்கியிருந்தால் அந்தச் சொல்லை நான் எழுதியிருக்கமாட்டேன்.

என் கோபமெல்லாம் அதே திருத்த மசோதாவில் காங்கிரஸ் உறுப்பினர்கள் தங்களுக்குச் செய்துகொண்ட சலுகையைப் பற்றியது. காங்கிரஸ் உறுப்பினர்களின் கணக்கு, தேடவும் வரிசைப்படுத்தவும் மொத்தமாக இறக்கிக்கொள்ளவும் முடிகிற தரவுத்தளமாக இருக்கவேண்டும் என்று 2012 சட்டம் சொன்னது. 2013 திருத்தம் அதையும் சேர்த்து எடுத்துவிட்டது. ஒரு செனட் உறுப்பினரின் பெயரும் முகமும் ஊரறிந்தவை; அவர் கணக்கைத் தேட முடிந்தால் நாட்டுக்கு என்ன ஆபத்து? ஊழியர்களின் பாதுகாப்பைக் குடையாகப் பிடித்து, அதன் கீழே தாங்களும் ஒதுங்கிக்கொண்டார்கள்.

அதைச் செய்த விதத்தையும் பாருங்கள். பிரதிநிதிகள் சபை உறுப்பினர்களான லூயிஸ் ஸ்லாட்டரும் பிரையன் பெயர்டும் மூலச் சட்டத்துக்கான மசோதாவை முதலில் கொண்டுவந்தது 2006இல். வருடக்கணக்கில் சீண்டுவாரில்லாமல் கிடந்தது. 2011 நவம்பரில் ‘60 மினிட்ஸ்’ நிகழ்ச்சி உறுப்பினர்களின் பங்கு வர்த்தக விஷயத்தைத் தொலைக்காட்சியில் போட்டு உடைத்ததும் எல்லோருக்கும் அவசரம் வந்துவிட்டது. செனட்டில் 96–3, பிரதிநிதிகள் சபையில் 417–2 என்ற வாக்குகளில் நிறைவேறியது. 2012 ஏப்ரல் 4 அன்று விழா வைத்து ஒபாமா கையெழுத்திட்டார். ஓராண்டு கழிந்தது. 2013 ஏப்ரல் 11 அன்று செனட்டும் 12 அன்று பிரதிநிதிகள் சபையும் திருத்தத்தை நிறைவேற்றின. விவாதம் இல்லை, பெயர் சொல்லி வாக்கெடுப்பு இல்லை. ‘யாருக்கும் ஆட்சேபம் இல்லையே’ என்று கேட்டு சில விநாடிகளில் முடித்தார்கள். யார் ஆதரித்தார் என்று பிறகு தேடிப்பார்க்க ஒரு பெயர்கூடக் கிடையாது. 15ஆம் தேதி திங்கட்கிழமை ஒபாமா கையெழுத்திட்டார். அன்றுதான் பாஸ்டன் மாரத்தானில் குண்டு வெடித்தது. இதைக் கவனிக்க யாருக்கு நேரம்?

காங்கிரஸ் ஊழியர்களின் கணக்குகளுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். மசோதாவின் வாசகத்தை எழுதுகிறவர்கள் இவர்கள்; எந்த மருந்து நிறுவனத்துக்கு எது சாதகமாக வரப்போகிறது என்று முன்கூட்டியே அறிகிறவர்களும் இவர்களே. திருத்தத்துக்குப் பிறகு, பிரதிநிதிகள் சபை ஊழியர் ஒருவரின் கணக்கைப் பார்க்க வாஷிங்டனில் அந்தச் சபையின் அலுவலகங்கள் இருக்கும் கேனன் கட்டடத்தின் நிலவறைக்குப் போகவேண்டியிருந்தது. அங்கே இருந்த கணினியில் உட்கார்ந்து தேடவேண்டியிருந்தது. யாரைத் தேடுகிறோம் என்று பெயர் தெரிந்திருக்கவேண்டியிருந்தது. அச்செடுக்க அப்போது பக்கத்துக்குப் பத்து சென்ட். ஆவணம் இருக்கிறதா என்றால் இருக்கிறது. டெக்சாஸில் இருக்கும் ஒரு பள்ளி ஆசிரியருக்கு அது இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

உறுப்பினர்களின் அறிக்கைகள் இணையத்தில் உண்டு என்கிறீர்கள். உண்மை. நான் பல மாலைகள் அவற்றோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். சில, கையால் நிரப்பி ஸ்கேன் செய்தவை. மையே தெளிவாக இருக்காது. தொகையை அப்படியே எழுதவேண்டியதில்லை. 1,001 முதல் 15,000 டாலர், 15,001 முதல் 50,000 டாலர் என்று கட்டங்கள் இருக்கும், ஒன்றில் குறி போட்டால் போதும். ஒரு தாளைப் பார்த்து யாரும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. எந்தக் குழு எந்த நாளில் கூடியது, மறுநாள் யார் எதை விற்றார், அதே வாரத்தில் அதே பங்கை வேறு எத்தனை பேர் விற்றார்கள் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் சந்தேகமே எழும். அந்த வசதியைத்தான் பிடுங்கினார்கள்.

ரிச்சர்ட் பர் விவகாரம் நினைவிருக்கும். செனட் உளவுத்துறைக் குழுவின் தலைவராக இருந்தவர். 2020 பிப்ரவரி 13 அன்று ஒரே நாளில் 33 பரிவர்த்தனைகளில் பங்குகளை விற்றார். மதிப்பு 6,28,000 டாலரிலிருந்து 17,20,000 டாலருக்குள் எதுவாகவும் இருக்கலாம்; கட்டங்களின் புண்ணியத்தில் அதற்குமேல் துல்லியமாகச் சொல்ல வழியில்லை. ஒரு வாரத்தில் கொரோனா அச்சத்தில் சந்தை சரியத் தொடங்கியது. பொதுவெளியில் வந்த செய்திகளைப் பார்த்தே விற்றேன் என்றார் அவர். அமெரிக்க நீதி அமைச்சகம் 2021 ஜனவரியில் வழக்கில்லாமல் விசாரணையை முடித்துக்கொண்டது. அவரைக் குற்றவாளி என்று நான் சொல்ல வரவில்லை. இப்படிக் கேட்கவாவது முடிந்தது, நிருபர்கள் அந்த அறிக்கையைத் தேடி எடுத்துப் படித்ததால். 2012இல் செனட்டில் இந்தச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்த மூவரில் அவரும் ஒருவர்.

உங்கள் வங்கிக்கு வருகிறேன். நீங்கள் வாங்குவதற்கு முன்பே கேட்கவேண்டும். காங்கிரஸ் உறுப்பினர் யாரையும் கேட்கவேண்டாம். வாங்கி அல்லது விற்று 45 நாட்களுக்குள் சொன்னால் சரி. தவறினால் வழக்கமான அபராதம் 200 டாலர். உங்களைவிட எத்தனையோ மடங்கு தகவல் அவர் கையில் புழங்குகிறது. உங்களுக்கு அது தொல்லை என்றால், அவர்களுக்கு அது ஏன் இல்லை என்று உங்களுக்குக் கோபம் வரவேண்டாமா?

ஒன்று செய்யுங்கள். உங்கள் மாநிலத்தின் இரண்டு செனட் உறுப்பினர்கள், உங்கள் தொகுதியின் பிரதிநிதி – இந்த மூவரும் கடந்த ஓராண்டில் வாங்கி விற்ற பங்குகளை ஒரே பட்டியலாகத் தேதிவாரியாக எழுதிப்பாருங்கள். எத்தனை மணி நேரம் ஆனது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்