கருவில் மது பட்ட குழந்தைக்குச் சத்து மாத்திரை உதவுமா?

கர்ப்ப காலத்தில் மது பற்றிப் போன மாதம் எழுதியதிலிருந்து கடிதங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. பாதிக்கு மேல் பெயர் இல்லாதவை. கேட்கவே தயங்கும் விஷயம் இது. கேட்டவர்கள் எல்லோரும் நல்லதைத்தான் செய்திருக்கிறார்கள்.

தத்தெடுத்த எங்கள் மகனுக்கு மூன்றரை வயது. பெற்றவள் கர்ப்பத்தில் குடித்ததால் மூளை வளர்ச்சி பாதித்திருப்பதாக டாக்டர் சொன்னார். கோலின் மாத்திரை கொடுத்தால் சரியாகிவிடும் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். கொடுக்கலாமா? (ஈரோடு)

சரியாகிவிடாது. ஓரளவு கைகொடுக்க வாய்ப்பு உண்டு. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தை மாத்திரை விற்பவர்கள் சொல்ல மாட்டார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கோலின் என்பது மூளைச் செல்களின் சவ்வுக்கும், நினைவுக்குத் தேவையான அசிட்டைல்கோலின் என்ற மூளை ரசாயனத்துக்கும் மூலப்பொருள். அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் இரண்டரை முதல் ஐந்து வயது வரையுள்ள இப்படிப்பட்ட குழந்தைகளில் ஒரு பாதிக்குத் தினமும் 500 மில்லிகிராம் கோலின், மறுபாதிக்கு வெறும் பானம் என ஒன்பது மாதம் கொடுத்தார்கள். 2015-இல் முடிவு வந்தது. மொத்த அறிவுத்திறனில் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் சிறிய பிள்ளைகளுக்கு, பார்த்ததை வரிசையாக நினைவுகூரும் திறன் கூடியிருந்தது. நான்கு வருடம் கழித்துத் திரும்பப் பார்த்தபோது கோலின் சாப்பிட்டவர்களிடம் நினைவாற்றல் மேலாகவும், துறுதுறுப்பும் கவனச் சிதறலும் குறைவாகவும் இருந்தன. நல்ல செய்திதான், ஆனால் திரும்பப் பார்த்தது 31 குழந்தைகளை மட்டுமே. ஐந்து முதல் பத்து வயதுப் பிள்ளைகளுக்கு ஆறு வாரம் கொடுத்துப் பார்த்த வேறொரு ஆய்வில் பலன் கிடைக்கவில்லை.

உங்கள் மகன் பலன் தெரிந்த வயதில் இருக்கிறான். அதனால் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். இந்த வயதில் ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. மாத்திரை சாப்பிடும் பிள்ளையின் உடம்பில் மீன் வாடை வரலாம். தெரிந்த பக்கவிளைவுதான், பயப்பட வேண்டாம், ஆனால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

மாத்திரைக்கு முன்னால் முட்டை. ஒரு முட்டையில் சுமார் 150 மில்லிகிராம் கோலின் இருக்கிறது, எல்லாம் மஞ்சள் கருவில். வெள்ளைக் கருவை மட்டும் ஊட்டினால் கோலின் சேராது. நாமக்கல் முட்டை நம் வீட்டு வாசலுக்கே வருகிறது, தினம் ஒன்று கொடுங்கள்.

அப்புறம், அரசு மருத்துவமனைகளில் குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாட்டுக்கென்றே மாவட்ட மையம் உண்டு. பேச்சுப் பயிற்சி, செயல்முறைப் பயிற்சிக்கு அங்கே கூட்டிப்போங்கள். வீட்டில் "செருப்பைப் போடு, பையை எடு, வண்டியில் ஏறு" என்று ஒரே மூச்சில் சொல்லாதீர்கள். ஒன்றைச் சொல்லி, அவன் செய்து முடித்த பிறகு அடுத்ததைச் சொல்லுங்கள். அவன் அடம்பிடிப்பதாகத் தோன்றும் பல நேரங்களில் உண்மையில் மறந்துதான் போயிருப்பான்.

கர்ப்பம் என்று தெரியாமல் இரண்டு மூன்று தடவை தோழிகளோடு பீர் குடித்துவிட்டேன். இப்போது இரண்டாம் மாதம். கலைத்துவிடலாமா? (திருப்பூர்)

பயத்தில் அந்த முடிவுக்குப் போகாதீர்கள். எத்தனையோ பெண்களுக்கு இப்படி நடந்திருக்கிறது. இன்றோடு நிறுத்துங்கள். டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், ஃபோலிக் அமில மாத்திரையை விடாமல் சாப்பிடுங்கள். நிறுத்தும் ஒவ்வொரு நாளும் குழந்தைக்கு லாபம்.

மருமகளுக்கு ஆறாம் மாதம். "தென்னங்கள் குளிர்ச்சி, இரண்டு டம்ளர் குடிக்கட்டும், சத்து மாத்திரை ஈடுகட்டிவிடும்" என்கிறார் அவளுடைய அமுச்சி. (பொள்ளாச்சி)

அமுச்சிக்குப் பேத்தி மேல் பாசம், அதில் சந்தேகமில்லை. ஆனால் கள்ளில் இருப்பதும் அதே ஆல்கஹால்தான். நஞ்சுக்கொடி வழியாக நேரே போய்விடும், அதை உடைக்கக் கருவின் ஈரலுக்குத் தெம்பு கிடையாது. இவ்வளவு குடித்தால் பாதிக்காது என்று ஒரு அளவை யாரும் வகுத்ததில்லை.

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில், கர்ப்பத்திலும் அதிகம் குடித்துவந்த பெண்களுக்குத் தினம் 2 கிராம் கோலின் கொடுத்தபோது, பிறந்த குழந்தைகளின் கற்றலும் வளர்ச்சியும் ஓரளவு தேறின. ஆனால் அது குடியை விட முடியாதவர்களுக்காக மருத்துவர்கள் கண்காணிப்பில் நடந்த முயற்சி. குடிப்பதற்கான அனுமதிச் சீட்டு இல்லை. பொள்ளாச்சியில் இளநீருக்கா பஞ்சம்?

மனைவிக்கு நான்காம் மாதம். வேலை முடிந்து வந்தால் தினமும் இருவரும் குடிப்போம். அவளை ஒரேயடியாக நிறுத்தச் சொல்லவா? சத்து டானிக் வாங்கவா? (நாமக்கல் பக்கம்)

தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கை நடுக்கமும் வலிப்பும் வரலாம், தாய்க்கும் குழந்தைக்கும் ஆபத்து. அதனால் மருத்துவமனையில் வைத்து நிறுத்த வேண்டும். நாளையே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். நேரில் பேசக் கூச்சமாக இருந்தால் முதலில் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்குப் பேசலாம், கட்டணம் கிடையாது.

தயமின் (விட்டமின் பி1), ஃபோலேட், துத்தநாகம் ஆகிய சத்துகளை மது உடம்பில் சரியாகச் சேரவிடாது. அதனால் சத்து மாத்திரை கட்டாயம் தேவைப்படும், ஆனால் டாக்டர் எழுதித் தர வேண்டும். உக்ரைனில் நடந்த ஆய்வில், கர்ப்பத்தில் விட்டமின், தாது மாத்திரைகள் எடுத்த தாய்மார்களின் குழந்தைகள் ஆறு மாதத்தில் மேலான வளர்ச்சி காட்டினார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரையையும் தவறவிட வேண்டாம். சத்து என்று ஆட்டு ஈரலை அடிக்கடி கொடுக்காதீர்கள், அதில் மிகுந்திருக்கும் விட்டமின் ஏ கருவுக்கு ஆகாது.

இன்னொன்று. நீங்களும் நிறுத்துங்கள். எதிரில் டம்ளர் இருக்கும்போது அவரால் விட முடியாது.

அரிஷ்டம் மருந்துதானே, கர்ப்பத்தில் சாப்பிடலாமா? (காங்கேயம்)

நொதிக்க வைத்துச் செய்வதால் அதிலும் ஆல்கஹால் உண்டு. வேண்டாம்.

நாங்கள் முட்டை சாப்பிடுவதில்லை. கோலினுக்கு என்ன செய்வது? (கோபி)

சோயாதான் முதல் தேர்வு. அதற்கடுத்து கொண்டைக்கடலை, கடலைக்காய், பால், தயிர். கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்கு 450 மில்லிகிராம், பாலூட்டும்போது 550 தேவை. முட்டை இல்லாமல் இந்த அளவைத் தொடுவது கொஞ்சம் சிரமம். அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது தினம் என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்று எழுதிக்கொண்டு போங்கள். மாத்திரை தேவையா என்பதை அதைப் பார்த்து டாக்டர் சொல்வார்.