கூப்பிடாமல் வரும் கம்ப்யூட்டர் உதவி: கேள்வி பதில்

பாளையங்கோட்டையில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். பிள்ளைகள் பெங்களூரிலும் துபாயிலும் இருக்க, அவர்கள் முகம் பார்க்க வாங்கிய மடிக்கணினியோடு தனியே இருக்கும் பெற்றோரே போலி அழைப்புகளில் சிக்கி என் கடைக்கு அதிகம் வருகிறார்கள். அந்த அழைப்புகளைப் பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

பெருமாள்புரம், ஓய்வுபெற்ற ஆசிரியை: மைக்ரோசாஃப்ட்டிலிருந்து பேசுவதாக ஒருவர் அழைத்தார். என் கணினியிலேயே சிவப்புக் குறியிட்ட பிழைகளைக் காட்டினார். என் கணினிக்கு உரிய தனி எண்ணையும் பிசகாமல் சொன்னார். அது எப்படிப் பொய்யாகும்?

அம்மா, அவர் காட்டியவை உங்கள் கணினியில் உண்மையாகவே இருப்பவைதாம். அவற்றுக்கு அவர் சொன்ன விளக்கம்தான் பொய். அவர் திறக்கச் சொன்ன ஈவென்ட் வியூவர், விண்டோஸ் தனக்காக எழுதிவைத்துக்கொள்ளும் நாட்குறிப்பு. உள்ளே ஒரு சேவை சில நொடிகள் தாமதமாகத் தொடங்கினால்கூட அதில் மஞ்சள் அல்லது சிவப்புக் குறி விழும். நல்ல நிலையில் உள்ள கணினியிலும் அவை நூற்றுக்கணக்கில் இருக்கும். தனி எண் என்பது இன்னும் துணிச்சலான ஏமாற்று. கறுப்புத் திரையைத் திறந்து ‘அசாக்’ என்ற கட்டளையைத் தட்டச் சொல்லியிருப்பார். ஓடி முடிந்த நீண்ட பட்டியலின் கடைசியில் 888டிசிஏ60 என்று தொடங்கும் எண் நின்றிருக்கும். அது விண்டோஸ் ஒரு கோப்பு வகைக்கு வைத்திருக்கும் உள் அடையாளம். என் கடைக் கணினியிலும் கலெக்டர் அலுவலகக் கணினியிலும் அதே எண்தான் வரும். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் நாம் கேட்காமல் தானாக அழைத்து, பழுது நீக்கித் தருவதாகச் சொல்வதே இல்லை. ஆகவே அவர் அடுத்து என்ன காட்டுகிறார் என்று பார்க்கக் காத்திராமல் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள்.

வண்ணார்பேட்டை: செய்தி படித்துக்கொண்டிருந்தபோது திரை முழுவதும் எச்சரிக்கை வந்து, சங்கு ஊதுவதுபோல் ஒலித்தது. கட்டணமில்லா எண் ஒன்றும் இருந்தது. திரையை மூட முடியவில்லை.

அது வெறும் இணையப் பக்கம். எஸ்கேப் விசையைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் முழுத்திரை விலகும். விலகாவிட்டால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை நிறுத்துங்கள். மறுபடி திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். விண்டோஸின் உண்மையான பிழைச் செய்தியில் தொலைபேசி எண் இருக்காது. அந்த எண்ணுக்கு அழைக்காதீர்கள். சரியான எண் எது என்று கூகுளில் தேடவும் செய்யாதீர்கள். போலி உதவி எண்களை அங்கேயும் விளம்பரமாகப் போட்டுவைக்கிறார்கள்.

மேலப்பாளையம்: அண்ணாச்சி, அழைத்தவர்கள் சொன்னபடி என் வாப்பா, கணினியைத் தொலைவிலிருந்து இயக்கவிடும் எனிடெஸ்க் செயலியைப் போட்டு, அவர்கள் கேட்ட எண்ணையும் சொல்லிவிட்டார். அரை மணி நேரம் திரை அவர்கள் கையில் இருந்தது. இப்போது என்ன செய்வது?

இதைப் படித்து முடிக்கும்முன் ரூட்டரின் மின் இணைப்பைப் பிடுங்கிவிடுங்கள். அந்தக் கணினியை அப்படியே விட்டுவிட்டு, வேறொரு கைபேசியிலிருந்து, வங்கி அட்டையின் பின்புறம் அச்சிட்டுள்ள எண்ணுக்கு அழைத்துக் கணக்கையும் அட்டையையும் முடக்கச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழையுங்கள். மோசடிக்காரரின் கணக்கில் அந்தப் பணம் இருக்கும்வரைதான் நிறுத்திவைக்க முடியும். பல கணக்குகளுக்குப் பிரிந்து போனபின் மீட்பது கடினம். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 சுற்றறிக்கையில் வகுத்த விதிப்படி, ரகசிய எண்ணைப் பகிர்ந்ததுபோல் வாடிக்கையாளரின் கவனக்குறைவால் பணம் போயிருந்தால், வங்கியிடம் தெரிவிக்கும்வரை ஏற்படும் இழப்பு முழுவதும் அவருடையது. தெரிவித்தபின் ஏற்படுவது வங்கியின் பொறுப்பு. ஆகவே, தம்பி ஊரிலிருந்து வரட்டும், அவனிடம் கேட்டுக்கொள்வோம் என்று காத்திருப்பது பணத்தைக் கையில் எடுத்துக் கொடுப்பதற்குச் சமம். பிறகு மின்னஞ்சல், வங்கிக் கடவுச்சொற்களை வேறு கருவியிலிருந்து மாற்றுங்கள். எனிடெஸ்க்கை நீக்கினால் மட்டும் போதாது. யாரும் அனுமதி கொடுக்காமலே அவர்கள் மறுபடி நுழைய வழி செய்து வைத்திருக்கக்கூடும். கோப்புகளை எடுத்துவைத்துக்கொண்டு விண்டோஸை அழித்துப் புதிதாக நிறுவுவதே நல்லது. வாப்பாவைத் திட்டாதீர்கள், திட்டினால் அடுத்த முறை மறைத்துவிடுவார்.

சங்கரன்கோவில்: இவர்கள் அழைத்தால் நான் உடனே வைப்பதில்லை. கணினி மெதுவாகத் திறக்கிறது என்று சொல்லிச் சொல்லியே ஒரு மணி நேரம் இழுத்தடிப்பேன். எல்லாரும் இப்படிச் செய்தால் என்ன?

வேண்டாம் தம்பி. இந்த எண்ணில் பேசுபவர் இருக்கிறார் என்பதை நீங்களே உறுதிப்படுத்தித் தருகிறீர்கள்.

களக்காடு: சங்கரன்கோவில்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அவரோடு வீணாகும் ஒரு மணி நேரம், வேறொரு வீட்டுப் பெரியவர் தப்பிக்கும் ஒரு மணி நேரம் அல்லவா?

இதே கருத்தைப் பலர் எழுதிவிட்டதால் விரிவாகவே சொல்கிறேன். கணக்கு அப்படி வராது. இவர்கள் அழைப்பது பலர் வரிசையாக உட்கார்ந்து வேலைபார்க்கும் கூடத்திலிருந்து. 2023-இல் ஆபரேஷன் சக்ரா-2 என்ற பெயரில் சி.பி.ஐ. நடத்திய சோதனைகளில் இத்தகைய கால்சென்டர்களும் அடக்கம். நீங்கள் ஒருவரைப் பிடித்துவைத்தாலும் பக்கத்து இருக்கையில் இருப்பவர் அழைத்துக்கொண்டேதான் இருப்பார். இழுத்தடிக்கும்போது ஊர், வங்கி, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதெல்லாம் பேச்சுவாக்கில் வெளியே வந்துவிடும். வேடிக்கைக்கென்று கணினியைத் திறந்து காட்டத் தொடங்கியவர், ஒரு தவறான சொடுக்கில் உண்மையாகவே அனுமதி கொடுத்துவிடலாம். அந்த எண்ணை, தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் மோசடி அழைப்புகளைத் தெரிவிப்பதற்கான சக்ஷு பகுதியில் புகார் செய்ய அவ்வளவு நேரம் ஆகாது. பயனும் அதில்தான் உண்டு.

சங்கரன்கோவில்: இருந்தாலும் ஒரு திருப்தி இருக்கிறதே, அண்ணாச்சி!

திருப்தியை மறுக்கவில்லை. உங்கள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தால், நீங்கள் இல்லாத நாளில் அவரும் பேச்சுக் கொடுத்துப் பார்ப்பார் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

நாங்குநேரி: அழைப்பு 0462 என்று திருநெல்வேலிக் குறியீட்டிலேயே வந்தது. உள்ளூர்க்காரர்தானே?

திரையில் தெரியும் எண்ணைப் போலியாகக் காட்ட முடியும்.

வள்ளியூர்: டிராயிலிருந்து பேசுகிறோம், இரண்டு மணி நேரத்தில் உங்கள் எண்ணைத் துண்டிப்போம் என்கிறார்கள்.

டிராய் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்; அது யாருடைய எண்ணையும் துண்டிப்பதில்லை. வைத்துவிடுங்கள்.

அம்பாசமுத்திரம்: எந்த ஆன்டிவைரஸ் வாங்கலாம்?

நாம் பேசும் விஷயத்துக்கு அது வெளியே. விண்டோஸுடன் வரும் டிஃபெண்டரே வீட்டுக்குப் போதும்.

பேட்டை: மைக்ரோசாஃப்ட்டிலிருந்து ஒருவர் அழைத்தார்...

ஆசிரியை அம்மாவுக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

தென்காசி: பழைய சந்தாவுக்கு 2,000 ரூபாய் திருப்பித் தருவதாகச் சொன்னவர், தவறுதலாக 20,000 அனுப்பிவிட்டதாக அழுகிறார். என் வங்கிப் பக்கத்திலும் கூடுதல் தொகை தெரிகிறது. திருப்பிக் கொடுக்காவிட்டால் பாவமில்லையா?

திரையை அவரிடம் கொடுத்திருக்கிறீர்கள் அல்லவா? பிரவுசரில் தெரியும் பக்கத்தின் எழுத்துகளை உங்கள் கணினியிலேயே மாற்ற முடியும். வங்கியில் ஒரு ரூபாயும் கூடியிருக்காது. சில சமயம் உங்கள் வைப்புக் கணக்கிலிருந்தே எடுத்துச் சேமிப்புக் கணக்கில் போட்டுக் காட்டுவார்கள். ரூட்டரை அணைத்துவிட்டு, வங்கிக் கிளைக்கு நேரில் போய் இருப்பைப் பாருங்கள். கிளையின் எண்ணைக் கூகுளில் தேடாதீர்கள்.

சேரன்மகாதேவி: போன மாதம் பணத்தை இழந்து புகார் கொடுத்தேன். இப்போது சைபர் பிரிவு என்று ஒருவர் அழைத்து, பணம் மீட்கப்பட்டுவிட்டது, வரியாக 4,500 கட்டினால் கணக்குக்கு வரும் என்கிறார்.

கட்டாதீர்கள். ஒருமுறை ஏமாந்தவர்களின் பட்டியல் இவர்களுக்குள் கைமாறும்; உங்களிடம் வந்திருப்பது இரண்டாம் சுற்று. மீட்ட பணத்தைத் தரக் காவல்துறை முன்பணம் கேட்காது. உங்கள் புகார் எண்ணை எடுத்துக்கொண்டு மாவட்ட சைபர் குற்றப்பிரிவுக்கு நேரில் சென்று, இந்த அழைப்பையும் அந்தப் புகாரோடு சேர்த்து எழுதிக் கொடுங்கள்.